அங்கே இல்லாதவரின் கண்

ஒரு புகைப்படத்தை முதன்முதலாகப் பார்க்கும் வாய்ப்பு, அதை எடுத்தவருக்குக் கிடைப்பதே இல்லை. படம் அவர் கண்முன் வரும்போதே அது எடுக்கப்பட்ட நேரமும் கூடவே வந்துவிடுகிறது. ஒரு படத்தைக் கற்பனை செய்துகொள்வோம். காசிமேடு மீன்பிடித் துறைமுகம், விடியற்காலை. மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையை இடுப்பில் இடுக்கியபடி ஒரு பெண் ரூபாய் நோட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். பக்கவாட்டில் இளவெயில் விழுகிறது. படம் எடுத்தவர் நான்கு மணிக்கு எழுந்து முதல் பஸ் பிடித்து வந்தவர். ஈரத் தரையில் கால் வழுக்காமல், ஐஸ் வண்டிகளுக்கு வழிவிட்டு, நெடுநேரம் காத்திருந்து அந்தக் கணத்தைப் பிடித்திருக்கிறார். வீட்டில் கணினியில் அதைத் திறக்கும்போது அந்த இரைச்சல், மீன்வாடை, அந்தப் பெண் எண்ணி முடித்துவிடுவாரோ என்ற பதற்றம் எல்லாமே அந்தச் செவ்வகத்துக்குள் இருப்பதாக அவருக்குத் தோன்றும். உண்மையில் படத்துக்குள் இருப்பவை வேறு. வலது ஓரத்தில் வெயில் பட்டுப் பளீரென்று ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி. பெண்ணின் தலையிலிருந்து முளைத்ததுபோல் பின்னால் நிற்கும் படகின் கம்பம். ரூபாய் நோட்டுகளோ நிழலில். எடுத்தவரின் கண் நேராக நோட்டுகளுக்குப் போகிறது, அவை அங்கே இருப்பது அவருக்குத் தெரியும் என்பதால். அங்கே இல்லாத ஒருவரின் கண் முதலில் தெர்மாகோல் பெட்டிக்குத்தான் போகும்.

படத்தைப் பற்றிச் சொல்லப்படும் கருத்தின் பயன் முழுவதும் இந்த இடைவெளியில் இருக்கிறது. பார்ப்பவரிடம் உள்ள பெரிய செல்வம் அவருடைய நீண்ட அனுபவமோ வாங்கிய பதக்கங்களோ அல்ல. படம் எடுக்கப்பட்டபோது அவர் அந்த இடத்தில் இல்லை என்பதுதான். எடுத்தவர் எவ்வளவு முயன்றாலும் அடைய முடியாத ஒரு நிலையில் அவர் இருக்கிறார். ஆகவே அவர் கொடுக்க வேண்டியது தீர்ப்பைவிடச் சாட்சியம் என்பது என் வாதம். ‘படம் அருமை’ என்பதும் ‘படம் சரியில்லை’ என்பதும் தீர்ப்புகள். ‘என் பார்வை முதலில் வலது ஓரத்துப் பெட்டியில் விழுந்தது, அங்கிருந்து முகத்துக்கு வந்தேன், கையில் இருப்பது பணம் என்பது கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது, தெரிந்த பிறகு அந்த முகத்தின் கவனம் எனக்குப் பிடித்துப்போனது’ என்பது சாட்சியம். முதலாவது, படத்துக்கு ஒரு விலை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. இரண்டாவது, எடுத்தவருக்குத் தன் படத்தை இன்னொருவர் கண்ணால் பார்க்கக் கொடுக்கிறது. ஆர்வத்துக்காகப் படம் எடுப்பவர்களுக்கு வேறு எதையும்விட இதுதான் தேவை. மிக அரிதாகக் கிடைப்பதும் இதுதான்.

ஏன் அரிதாகிப்போனது என்று யோசித்தால், இந்தக் கலையைப் பற்றி நாம் கூடிப் பேசக் கற்றுக்கொண்ட இடங்கள் நினைவுக்கு வருகின்றன. லண்டனில் 1853இல் புகைப்படச் சங்கம் தோன்றியது. சென்னையில் 1857இலேயே ஒன்று வந்துவிட்டது. இத்தகைய சங்கங்களின் வாழ்க்கையில் கண்காட்சிக்கும் பதக்கத்துக்கும் பெரிய இடம் இருந்தது. ‘சலோன்’ எனப்படும் இன்றைய புகைப்படப் போட்டிகளில் நடுவர்களின் முன்னால் நூற்றுக்கணக்கான படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன; ஒவ்வொன்றுக்கும் சில நொடிகளில் மதிப்பெண் போட்டாக வேண்டும். ஆயிரத்தில் ஐம்பதைத் தேர்ந்தெடுக்க வேறு வழி கிடையாது. அந்த வேலைக்கு அந்த முறை பொருத்தமானதுதான். ஆனால் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே இல்லாத இடத்திலும், நான்கு நண்பர்கள் உட்கார்ந்து ஒருவர் படத்தை மற்றவர் பார்க்கும் இடத்திலும், நடுவரின் மொழியே பேச்சுமொழியாகிவிட்டது. ரூல் ஆஃப் தேர்ட்ஸ், லீடிங் லைன் போன்ற விதிகள் அந்த மொழிக்கு வசதியான அளவுகோல்கள். காசிமேட்டுப் பெண் சட்டகத்தின் மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் சரியாக நிற்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். விதிப்படி படம் தேறிவிடும். தெர்மாகோல் பெட்டி மட்டும் அப்படியே பளீரென்று உட்கார்ந்திருக்கும். விதியைக் கையில் வைத்திருப்பவர், படத்தைப் பார்ப்பதற்கு முன் விதியைத் தேடுகிறார். அந்தத் தேடலிலேயே, ஒருமுறை மட்டும் கிடைக்கிற முதல் பார்வை செலவழிந்துபோகிறது.

தீர்ப்பு கற்றலுக்கு உதவுவதில்லை என்பதற்குக் கல்வி உளவியலில் நல்ல ஆதாரம் உண்டு. 1988இல் ரூத் பட்லர் என்ற இஸ்ரேலிய ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஐந்தாம் ஆறாம் வகுப்பு மாணவர்களின் வேலைக்கு மூன்று விதமான பதில்கள் தரப்பட்டன: சிலருக்கு எழுத்தில் கருத்து மட்டும், சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்கு இரண்டும். கருத்து மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். வேலையில் அவர்களுக்கு ஆர்வமும் இருந்தது. மதிப்பெண் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் நிகழவில்லை. இதில் கவனிக்க வேண்டியது மூன்றாவது பிரிவு. கருத்தோடு மதிப்பெண்ணும் சேர்ந்து வந்தபோது விளைவு மதிப்பெண் மட்டும் பெற்றவர்களுடையதைப் போலவே இருந்தது. எண் ஒன்று பக்கத்தில் வந்ததும் சொல் செயலற்றுப்போனது. 1996இல் க்ளூகர், டெனிசி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 607 விளைவுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, பின்னூட்டம் சராசரியாக நன்மை செய்தாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நேர்வுகளில் செயல்திறனைக் குறைத்திருப்பதைக் கண்டார்கள். செய்யும் வேலையிலிருந்து விலகிச் செய்பவர்மீது கவனம் திரும்பும்போது பின்னூட்டத்தின் பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். பாராட்டுக்கும் இது பொருந்தும். ‘உங்களுக்கு நல்ல கண் இருக்கிறது’ என்று கேட்டவர் மகிழ்ச்சியோடு வீடு திரும்புவார். அடுத்த படத்தில் எதைக் காப்பாற்றிக்கொள்வது, எதை மாற்றுவது என்பதற்கு அவர் கையில் ஒன்றும் இருக்காது.

புகைப்பட வரலாறே இதற்கு ஒரு நல்ல வழக்கை வைத்திருக்கிறது. கல்கத்தாவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஜூலியா மார்கரெட் கேமரூனுக்கு 1863 டிசம்பரில், 48ஆம் வயதில், மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தார்கள். முழு அர்த்தத்தில் அமெச்சூர் அவர். கண்ணாடித் தட்டில் ரசாயனம் பூசி, அது உலரும் முன் படமெடுத்துக் கழுவ வேண்டிய காலம். அவருடைய தட்டுகளில் விரல் ரேகையும் கறையும் கீறலும் இருந்தன. முகங்கள் மென்மையாக, ஃபோகஸ் தளர்ந்து இருந்தன. லண்டன் சங்கத்தின் இதழ் 1865இல் அவற்றைக் கடுமையாக விமர்சித்தது. துணிச்சல் இருக்கிறது, புகைப்படத்துக்கு வேண்டிய மற்ற நற்குணங்கள் இல்லை என்பது அதன் சாரம். இதை இப்போது படிக்கும் நாம் அந்த விமர்சகரைக் குருடர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அவர் குருடர் இல்லை. ஃபோகஸ் தளர்ந்திருப்பதைச் சரியாகவே பார்த்தார். கேமரூனும் அதை மறுக்கவில்லை. பின்னாளில் எழுதிய நினைவுக்குறிப்பில், லென்ஸைத் திருப்பிக்கொண்டே வரும்போது தன் கண்ணுக்கு எங்கே அழகு வாய்த்ததோ அங்கேயே நிறுத்திவிட்டதாகச் சொல்கிறார். விமர்சகர் கண்டது உண்மை. கண்டதிலிருந்து அவர் தாவிய முடிவுதான் தவறு. அந்தத் தளர்வு தன்னை என்ன செய்தது என்று ஒரு வரி எழுதியிருந்தால் அது நூற்றாண்டு கடந்தும் பயன்பட்டிருக்கும்.

புகைப்படக் கலைஞர் ராபர்ட் ஃபிராங்க்கின் கதையும் இதே வடிவம் கொண்டது. 1955 தொடங்கி அமெரிக்கா முழுவதும் சுற்றி, 27,000க்கு மேற்பட்ட ஃபிரேம்கள் எடுத்து, அவற்றிலிருந்து 83 படங்களை மட்டும் தேர்ந்து ‘தி அமெரிக்கன்ஸ்’ நூலாக்கினார். 1958இல் பாரிஸிலும் அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் அது வெளியானது. அன்றைய பிரபல புகைப்பட இதழ் ஒன்றின் மதிப்புரையில் மங்கல், புள்ளிப்புள்ளியான கிரெயின், சேறுபோன்ற எக்ஸ்போஷர், சாய்ந்த தொடுவானம் என்று குற்றங்கள் அடுக்கப்பட்டன. அவை அத்தனையும் அந்தப் படங்களில் உண்டு. இன்று அந்த நூலைப் போற்றுகிறவர்களும் அவற்றைத்தான் சுட்டிக்காட்டிப் பேசுகிறார்கள்: அந்தச் சாய்வும் மங்கலும் தனிமையையும் அவசரத்தையும் எப்படிச் சொல்கின்றன என்று. அறுபது ஆண்டுகளில் தீர்ப்பு தலைகீழாகிவிட்டது. சாட்சியம் மாறவே இல்லை. தொடுவானம் சாய்ந்திருக்கிறது என்பது அன்றும் உண்மை, இன்றும் உண்மை. காலத்தோடு தேய்வது எது, நிலைப்பது எது என்று தெரிந்த பிறகும் ஒரு தொடக்கநிலைக் கலைஞருக்குத் தேய்வதை முதலில் கொடுப்பது நியாயமாகாது.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். கேமரூனும் ஃபிராங்க்கும் மேதைகள். நேற்று கேமரா வாங்கியவரின் படத்தில் தொடுவானம் சாய்ந்திருந்தால் அது வெறும் பிழை. அதைப் பிழை என்று சொல்லாமல் ‘என் கண் இங்கே போனது’ என்று சுற்றி வளைப்பானேன்? மறுப்பில் நியாயம் இருக்கிறது. கற்றுக்கொள்ளும் கட்டத்தில் சில விஷயங்களை நேராகச் சொல்லித்தான் ஆக வேண்டும். வெயிலில் வானம் வெளுத்துப்போய் விவரமே பதிவாகாவிட்டால், எக்ஸ்போஷரைக் குறைத்து எடுக்கச் சொல்வது உதவி. ஆனால் அந்தப் பாடமும் பார்வையிலிருந்து தொடங்கும்போதுதான் மனதில் தங்குகிறது. ‘கடல் ஒரு பக்கமாக வழிந்து ஓடுவதுபோல் தெரிகிறது, அதனால் படகுக்காரரைப் பார்க்க முடியவில்லை’ என்று கேட்டவர், நேராக்க வேண்டும் என்பதோடு ஏன் நேராக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கற்கிறார். சாய்வு தேவைப்படும் படம் ஒருநாள் வரும்போது துணிந்து சாய்க்கவும் அவருக்குத் தெரிந்திருக்கும். வைத்தியர் மருந்து எழுதுமுன் எங்கே வலிக்கிறது என்று கேட்பதுபோல, படம் எங்கே தடுக்கிறது என்பதைச் சொல்லிவிட்டு, காரணத்தையும் மாற்றையும் பிறகு சொல்லலாம். கேமரூன் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே அறிந்திருந்தார். ஃபோகஸ் பற்றிய தீர்ப்பை ஏற்க மறுத்த அவர், தன் நெகட்டிவ்களின் படலம் வெடிக்கத் தொடங்கியபோது அதே சங்கத்தாரிடம் போய் ஆலோசனை கேட்டார். ரசாயனத்தில் அவர்களுக்குத் தெரிந்ததை வாங்கிக்கொள்ள அவருடைய தன்மானம் தடையாக நிற்கவில்லை.

இன்னொரு மறுப்பு நம் பண்பாட்டிலிருந்தே எழக்கூடியது. குற்றத்தைக் குற்றம் என்று முகத்துக்கு நேரே சொல்லும் துணிவைத் தமிழ் மரபு போற்றுகிறது. இறைவன் பாட்டிலும் பிழை கண்ட நக்கீரர்தான் நம் விமர்சகருக்கு முன்னுதாரணம். இடித்துரைக்கும் சுற்றத்தை அரசனுக்குக் காவல் என்கிறார் வள்ளுவர். அப்படியிருக்க, சாட்சியம் என்ற பெயரில் மழுப்பலுக்கு இடம் கொடுப்பதா? நக்கீரரின் கதையை முழுவதும் நினைவில் வைத்துக்கொண்டால் இதற்கு விடை கிடைக்கும். நக்கீரரும் இறைவனும் பொருளைப் பற்றி வாதிட்டார்கள்; அது சமமானவர்களின் வாதம், காரணத்தோடு நடந்த வாதம். அதற்கு முன்பே, அந்தப் பாட்டை அவைக்குக் கொண்டுவந்த தருமி அங்கே ஒரு சொல்லும் பேச இயலாமல் வெறுங்கையோடு திரும்பிவிட்டான். பாட்டு தன்னுடையதில்லை என்பதால் அவனால் அதற்குப் பொறுப்பேற்க முடியவில்லை. தொடக்கநிலையில் இருப்பவரின் படமும் பாதி அவருடையதாக இருப்பதில்லை. எங்கோ பார்த்துப் பிடித்துப்போன படங்களின் சாயல் அதில் நிறைய இருக்கும். அவரைத் தீர்ப்பால் அடித்தால் தருமியைப் போல் திரும்பிப் போவார். மேலும், சாட்சியம் மென்மையானது என்பதே தவறான எண்ணம். ‘இந்தப் படத்தை எவ்வளவு நேரம் பார்த்தும் எனக்கு எதுவும் தோன்றவில்லை’ என்பதைவிடக் கடுமையான சொல் இருக்க முடியுமா? அதன் கடுமை உண்மையிலிருந்து வருகிறது; சொல்பவரின் பதவியிலிருந்து வருவதில்லை. நாற்பது வருட அனுபவசாலியும் சொல்லலாம், கேமராவையே தொடாத பக்கத்து வீட்டுப் பாட்டியும் சொல்லலாம்.

மதிப்பெண் முறை ஒருபோதும் எட்டாத ஓர் இடத்தையும் சாட்சியம் தொடுகிறது. நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவோடு கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் தம்மைவிட வசதி குறைந்தவர்களைத்தான் படமெடுக்கிறார்கள்: மீனவர், பூ விற்பவர், ரிக்‌ஷாக்காரர், நடைபாதையில் உறங்குபவர். ஒளி சரி, ஃபோகஸ் சரி, கட்டமைப்பு சரி என்று அந்தப் படங்களுக்கு மதிப்பெண் விழும். அங்கே இல்லாத ஒருவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, ‘இவர் கண் என்னை வெறுப்போடு பார்ப்பதுபோல் இருக்கிறது, படமெடுக்க வேண்டாம் என்று கை தூக்க வருகிறாரோ என்று தோன்றுகிறது’ என்று சொன்னால், வெளிச்சத்தின்மேல் மட்டும் கண்ணாக இருந்தவருக்கு முதன்முறையாக அந்த முகம் தெரியவரும். கேமரூனின் பிற்காலப் படங்களிலும் இதே கேள்வி எழுகிறது. அவர் 1875இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். 1879இல் அங்கேயே இறந்தார். களுத்துறைப் பக்கத்து மக்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் அவர் எடுத்த படங்கள் கொஞ்சம்தான் எஞ்சியிருக்கின்றன. இங்கிலாந்தில் கவிஞர்களையும் அறிஞர்களையும் பெயரோடு பதிவுசெய்தவரின் இந்தப் படங்களில் பெரும்பாலானவர்களுக்குப் பெயரில்லை. இன்று அவற்றைப் பார்க்கும் தமிழரோ சிங்களரோ அந்த முகங்களில் காண்பதை, அன்று அவர் அருகில் உட்கார்ந்து யாரும் அவருக்குச் சொல்லியிருக்க வாய்ப்பில்லை.

சொல்வதற்கு இவ்வளவு ஒழுங்கு வேண்டுமென்றால் கேட்பதற்கும் ஒழுங்கு வேண்டும். படத்தை நீட்டும்போதே ‘வெளிச்சம் சரியில்லை, கூட்டம் நெருக்கியது, லென்ஸ் பழசு’ என்று தொடங்குவது நமக்குப் பழக்கம். நம் காப்பியங்களிலும் அவையடக்கம் உண்டு. ஆனால் கவிஞர் அதை ஒருமுறை பாடிவிட்டுப் பிறகு காப்பியத்தைத்தான் பேசவிடுகிறார். படமெடுத்தவர் முன்னுரை சொல்லச் சொல்ல, பார்ப்பவரும் மெல்ல மெல்ல அந்தத் துறைமுகத்துக்கே போய்விடுகிறார்; அவரிடமிருந்த ஒரே செல்வமான அந்த அறியாமையை எடுத்தவரே பறித்துவிடுகிறார். ஆகவே முதலில் எடுத்தவர் மௌனமாக இருப்பது அவசியம். அமெரிக்காவில் புகைப்படம் கற்பித்த மைனர் வைட், ஒரு படத்தைப் பற்றிப் பேசுமுன் அதன் முன்னால் அசையாமல் அமர்ந்து பார்க்க மாணவர்களைப் பழக்கினார். நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் உருவாக்கிய, கருத்துச் சொல்லும் முறையில், பார்த்தவர்கள் தம்மைத் தொட்டது எது என்று முதலில் சொல்வார்கள். பிறகு கலைஞர் தனக்கு வேண்டியதைக் கேட்பார். அடுத்து பார்த்தவர்கள் உள்நோக்கமில்லாத கேள்விகளைக் கேட்பார்கள். அபிப்பிராயம் கடைசியில்தான், அதுவும் கலைஞரின் அனுமதி பெற்று. இந்த வரிசை புகைப்படத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் தீர்ப்புதான் வரும். ‘இதில் என்ன நடக்கிறது என்று நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டால் சாட்சியம் வரும். கேமரூன் தன் நண்பரான ஓவியர் ஜி. எஃப். வாட்ஸின் கருத்தை அறிய, குறைகள் தெரிந்த பிரதிகளையும் அனுப்பிவைத்தார். தேர்ந்த படங்களை மட்டும் நீட்டுகிறவர் பாராட்டைத் தேடுகிறார். தடுமாறிய படத்தை நீட்டத் துணிந்தவருக்குத்தான் கற்றுக்கொள்ள ஏதாவது கிடைக்கும்.

கடைசியாக ஒரு சந்தேகம் மிஞ்சுகிறது. எல்லோர் கண்ணுக்கும் இசைந்து படமெடுத்துக்கொண்டே போனால் எடுப்பவரின் சொந்தப் பார்வை கரைந்துபோகாதா? தீர்ப்புகளுக்குப் பணிந்தால் நிச்சயம் கரையும். ஆண்டுக்கணக்கில் போட்டிகளை மட்டுமே நோக்கி எடுக்கிறவர்களின் படங்கள் ஒன்றைப்போல் ஒன்று ஆகிவிடுவது அதனால்தான். சாட்சியம் முடிவை எடுத்தவர் கையிலேயே விட்டுவிடுகிறது. ஒருவர் மட்டும் பெட்டியைப் பார்த்தார் என்றால் அது அவருடைய கண்ணாக இருக்கலாம். தனித்தனியே பார்த்த நான்கு பேரும் பெட்டியிலேயே தடுக்கி நின்றார்கள் என்றால் அது படத்தில் இருக்கிறது. இருந்தும் எடுத்தவர், ‘அந்த வெண்மை எனக்கு வேண்டும், அது அந்த விடியலின் பகுதி’ என்று முடிவுசெய்யலாம். அப்போது அது அவர் தெரிந்து செய்த தேர்வு, அவருடைய படம். இல்லையென்றால் அடுத்த ஞாயிறு மறுபடியும் காசிமேட்டுக்குப் போவார். வேறொரு பெண், வேறொரு கூடை, அதே சாய்ந்த வெயில். வ்யூஃபைண்டரில் கண் வைத்ததும் முகத்துக்குப் போகுமுன் பார்வை ஒருமுறை வலது ஓரத்துக்குப் போய்வரும். யாரோ அடுக்கிவைத்த வெள்ளைப் பெட்டிகள் அங்கே இருக்கும். அவர் இடது பக்கம் அரை அடி நகர்வார். கம்பமும் தலையிலிருந்து விலகிப்போகும். போன வாரம் அங்கே இல்லாதவரின் கண், அந்த அரை அடியில் அங்கே வந்து நிற்கிறது.